கரண்ட் போனால் கேட்கும் குரல்

மைக்கை எங்கே வைப்பது, எவ்வளவு தள்ளி வைப்பது என்பதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அதற்கு யூடியூப் இருக்கிறது. என்னைவிடப் பொறுமையாகச் சொல்லித்தருகிறது. நடுவில் கோபித்துக்கொண்டு எழுந்துபோவதும் இல்லை. நம் சமுதாயக் கல்லூரியின் ஒலிப்பதிவுப் பிரிவுக்குப் பாடம் நடத்தப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், "சார், உங்க அனுபவத்துல ஒண்ணு எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். கேட்ட பாவத்துக்குப் படியுங்கள். சிரிக்கவைக்கும் கதைகளும் உண்டு. குரங்கு ஒன்று ஸ்டுடியோவுக்குள் புகுந்து மைக்கின் பஞ்சு உறையைப் பிய்த்துக்கொண்டு மலைப்பக்கம் ஓடிய கதையை ஆபீசில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் எழுதப்போவது ரேணுகாவைப் பற்றி. அதை நினைத்தால் இன்னமும் எனக்கு மனசு கனத்துப்போகிறது.

முதலில் அறையைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை ஸ்டுடியோக்களில் காலம் தள்ளிவிட்டு இங்கே வந்தபோது, திருத்தணியில் சத்தமில்லாத அறை ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒருபக்கம் ரயில் ஹாரன், இன்னொரு பக்கம் திருப்பதி பஸ். கிருத்திகை வந்தால் காவடியும் அரோகராவும். கடைசியில் பழைய ஸ்டோர் ரூமைப் பிடித்து, கதவுக்கு ரப்பர் ஒட்டி, சுவரெல்லாம் நுரைப்பலகை அடித்து, இப்போது நீங்கள் பார்க்கும் ஸ்டுடியோ ஆனது. கதவைச் சாத்தினால் உங்கள் மூச்சு உங்களுக்கே கேட்கும். அந்த அறையைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு, அதை மறைக்க மாட்டேன்.

ரேணுகா பொதட்டூர்பேட்டைக்காரர். வீட்டின் முன்பகுதியில் விசைத்தறிகள். கணவர் முனிரத்தினமும் அவருமாக லுங்கி நெய்கிறார்கள். ஒரே மகள் ஜோதியை நகரியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பத்தாவது முடித்த யாரும் சேரலாம் என்ற நம் சர்டிபிகேட் படிப்பில், தாடி வைத்த பையன்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்தார். "எதுக்கும்மா இது?" என்று கேட்டேன். "எங்க பஜனைக் கோஷ்டி பாட்ட நாங்களே ரெகார்ட் பண்ணி யூடியூப்ல போடணும் சார். வெளிய குடுத்தா எங்க குரலயே மாத்திட்றானுங்க" என்றார். எல்லோருக்கும் அவர் அக்கா ஆகிவிட்டார்.

அக்கா கழற்றி வைத்த ஹெட்போனை எடுத்து மாட்டுகிறவன் அடுத்த நிமிடம் ஐயோ என்று அலறுவான். வால்யூமை அவ்வளவு ஏற்றி வைத்திருப்பார். தறிக்காரர்களுக்குக் காது மந்தம். சின்னச் சத்தம் எல்லாம் அவர்களுக்குச் சத்தமே அல்ல. "அக்கா, இது ஸ்டுடியோ, உங்க ஊட்டுத் தறி இல்ல" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

முதல் பருவம் முடியும் சமயத்தில் முனிரத்தினத்துக்குக் குரல் கம்மியது. சளி என்றார்கள், பிறகு தூசி என்றார்கள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது குரல்வளையில் புற்றுநோய் என்று தெரிந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு கழுத்தில் போடும் துளை வழியாகத்தான் மூச்சு, பேச்சு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை வந்து அட்மிட் ஆகச் சொன்னார்கள். விஷயம் தெரிந்த ஜோதி போனில் அழுதுவிட்டு, "அம்மா, நீதான் அந்தப் படிப்பு படிக்கிற இல்ல? நைனா குரலப் புடிச்சி வையும்மா" என்று கேட்டிருக்கிறாள்.

சனிக்கிழமை காலை ரேணுகா அவரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. கல்யாணத்துக்கு வருகிறவர் மாதிரி வந்திருந்தார் முனிரத்தினம். அவரை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினோம். கண்ணாடிக்கு இந்தப்பக்கம் ரேணுகாதான் ஒலி மிக்ஸர் முன்னால். நான் பின்னால் நின்றேன்.

அவர் வாயைத் திறந்ததும் மீட்டர் சிவப்புக்குப் போனது. அவர் கத்தினார். கம்மிய குரலிலும் அப்படி ஒரு கத்தல். "ஜோதீ! நல்லா இருக்கியா! கொயந்த நல்லா கீதா!" அந்த ஊமை அறையில் அதைக் கேட்டால், பெற்ற மகளைத் திட்டித் தீர்க்கிற மாதிரி இருந்தது. பாசமாகத்தான் கேட்கிறார். ஆனால் வாழ்நாள் முழுக்கத் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது. தறி இல்லாத இடத்தில் அந்தப் பாசம் கோபமாகக் கேட்டது.

"மெதுவா பேசுய்யா" என்று ரேணுகா, உள்ளே கேட்கும் டாக்பேக் மைக்கில் சொன்னார். உடனே அவர் நேர் எதிர்ப்பக்கம் போய்விட்டார். தாலுகா ஆபீசில் மனு கொடுக்க நிற்பவர் குரலில், "அன்புள்ள மகள் ஜோதிக்கு, உன் தந்தை எழுதிக்கொள்வது" என்று ஆரம்பித்தார். எழுதிக்கொள்வதாம். வேறொரு நேரமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

மறுபடி எடுத்தோம். மறுபடியும். ஒவ்வொரு தடவையும் குரல் இன்னும் கம்மியது. இருமல் வந்தது. ரேணுகா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சார், இது அவரு இல்ல."

"பதட்டம், அவ்வளவுதான்."

"இன்னொரு தபா பாக்கலாம் சார். ஒரே ஒரு தபா."

இந்த இடத்தில்தான் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பார்க்கச் சொல்கிறேன். நாளை ஞாயிறு. நாளை மறுநாள் ஆஸ்பத்திரி. அந்தத் தொண்டையில் மிச்சமிருப்பது கொஞ்சம். கேட்பவளோ அவர் மனைவி. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர் ஒருவர் சென்னையில் இருந்தார். பாடுகிறவரின் தொண்டை கட்டிவிட்டது என்று தெரிந்தால், யார் பணம் போட்டிருந்தாலும் சரி, யார் கத்தினாலும் சரி, ஸ்டுடியோ விளக்கை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ஏன் என்று ஒருநாளும் விளக்கியதில்லை. நானும் அன்றைக்கு விளக்கை அணைத்தேன்.

ரேணுகாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாளைக்கி இந்தக் குரலு இருக்காது சார். உங்களுக்கு இன்னா!" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கு என்ன? ஆனாலும் அந்த மனிதர் இருமிக்கொண்டே இன்னும் ஒரு தடவை பேசத் தயாராகச் சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார், அதை என்னால் பார்க்க முடியவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் அவரை உட்காரவைத்துவிட்டு ரேணுகாவிடம் கேட்டேன்: "அவர் குரல்னு நீங்க எதைச் சொல்றீங்க? எப்பக் கேப்பீங்க அதை?"

"நெசமா சொல்லட்டா சார்? தறி ஓடும்போது நாங்க குரலக் கேக்கறதில்ல. வாயப் பாத்துதான் பேசுவோம். எங்க தெருவுல எல்லாருக்கும் அது பழக்கம்."

"அப்போ எப்பத்தான் கேட்பீங்க?"

"கரண்ட் போனா சார்" என்றார். "தெருவே திடீர்னு அமுங்கிப்பூடும். மொதல்ல அதே வேகத்துல கத்துவாரு. அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துரும். அப்புறம் பேசுவாரு பாருங்க. அதான் சார் அவரு குரலு."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

ஆக, நான் கர்வப்பட்ட அறையால் அவருக்குப் பிரயோஜனம் இல்லை. மறுநாள் காலை, பாட்டரியில் ஓடும் சின்ன ரெக்கார்டரைப் பையில் போட்டுக்கொண்டு பொதட்டூர்பேட்டை பஸ் ஏறினேன். ஞாயிறானாலும் அவர்கள் தெருவில் தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் தறியில் ஏற்றியிருந்த பாவு நூலை நெய்து முடித்துவிட வேண்டும் என்று முனிரத்தினமும் தறியில் நின்றார்.

அவருக்குத் தெரியாமல் பதிவு செய்துவிடலாம் என்று ரேணுகா சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. திருட்டுத்தனமாக எடுத்த குரலை வைத்துக்கொண்டு ரேணுகா எப்படி நிம்மதியாக இருப்பார்? முனிரத்தினத்தின் முன்னால் ரெக்கார்டரைக் காட்டி, "இது சாயங்காலம் வரை ஓடிக்கிட்டே இருக்கும். நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்று சைகையும் பேச்சுமாகச் சொன்னேன். தலையாட்டினார். விட்டத்திலிருந்து அதைத் தொங்கவிட்டோம். தறிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் நூல் அறுந்தது, அதைப் பார்க்கப் போனவர் ரெக்கார்டரை மறந்துவிட்டார்.

வீட்டு மெயினை இறக்கினால் போதும் என்று நினைத்திருந்தேன். ரேணுகாதான் தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் தறி நின்றால் பக்கத்து வீட்டுத் தறி நிற்குமா? எதிர்வீடு? தெரு முழுக்க ஓடுகிறதே. ஒரு வீடு மட்டும் நின்றால் கரண்ட் போனதாகவும் அவர் நினைக்கமாட்டார், பியூஸ் போயிற்று என்று ஸ்க்ரூடிரைவரைத் தேடுவார்.

ஆகவே ரேணுகா செய்த காரியம் எனக்குத் தோன்றியிருக்கவே தோன்றியிருக்காது. தண்ணீர் எடுக்கிற சாக்கில் குடத்தோடு கிளம்பி வீடு வீடாகப் போனார். பக்கத்து வீட்டு நாகராஜிடம் பேசும்போது நான் கூட இருந்தேன்.

"அண்ணா, மத்தியானம் நான் வாசல்ல வெறுங்கொடத்தோட வந்து நிப்பேன். அப்ப மெயின எறக்கிடுங்க. கொஞ்ச நேரம். அவரு பேசணும்."

நாகராஜ் வேறெதுவும் கேட்கவில்லை. "எறக்கிட்றோம்மா. நீ சொல்ற வரைக்கும் ஏத்தமாட்டோம்" என்றார். ஓடுகிற தறியை நிறுத்தினால் அன்றைய கூலி குறையும் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். யாரும் முடியாது என்று சொல்லவில்லை என்று ரேணுகா பிறகு சொன்னார்.

மத்தியானம் நான் நாகராஜ் வீட்டில் இருந்தேன். ரேணுகா தன் வீட்டு மெயினை இறக்கிவிட்டுக் குடத்தோடு வாசலுக்கு வந்தார். நாகராஜ் மெயினை இறக்கினார். எதிர்வீடு நின்றது. அதற்கடுத்த வீடு நின்றது. தெருக்கோடி வரைக்கும் ஒவ்வொரு வீடாகத் தறி அடங்கிக்கொண்டே போயிற்று. நாகராஜ் வாசலுக்குப் போய், "ச்சே, கரண்ட் பூட்ச்சி!" என்று நிஜமாகவே அலுத்துக்கொண்டவர் போலச் சத்தம் போட்டார். பிறகு உள்ளே வந்து சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். காக்கை கத்துவதும் எங்கோ குக்கர் விசில் அடிப்பதும் கேட்டன. ஒரு தெரு முழுவதும் ஒரு மனிதருக்காக வாயை மூடிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஹெட்போனை மாட்டி, பதிவு சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம் என்று கேட்டேன்.

"இன்னாமே, கரண்ட் பூட்ச்சா!" தறிக்கு மேலே கத்துகிற அதே கத்தல். பிறகு ஒரு கம்மிய சிரிப்பு. ரேணுகாவும் சிரிக்கிறார். அதற்குப் பிறகு வந்தது, நான் ஸ்டுடியோவில் கேட்காத ஒரு குரல். தணிவாக, கொஞ்சம் சோம்பலாக, பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் போதுமான அளவில்.

"டீ கீதா?"

"போட்டுத் தரேன், இரு."

"சக்கர கம்மியா போடு... ஜோதி போன் பண்ணாளா?"

"சாயங்காலமா பண்ணுவா."

"கொயந்த பேச ஆரம்பிச்சிட்டான்னு சொன்னா இல்ல."

"ஆங். தாத்தான்றானாம்."

டம்ளர் வைக்கும் சத்தம். பிறகு, "அவன் தாத்தான்னு கூப்புட்டா, நான் இன்னாடான்னு எப்டிமே கேக்கறது?"

டம்ளரை ரேணுகா எடுக்கும் சத்தம்.

"பயமா கீதுமே" என்றார் முனிரத்தினம்.

நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். பதிவு நன்றாக வந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அதற்குமேல் கேட்க நான் யார்? ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திருத்தணி வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் காற்று அடிக்கிறது என்று நினைத்து ஷட்டரை இறக்கிவிட்டார்.

ஆபரேஷன் முடிந்து, காயம் ஆறி அவரை வீட்டில் கொண்டுவந்து விட்ட பிறகுதான் ரேணுகா கல்லூரிக்கு வந்தார். ஸ்டுடியோவில் உட்காரவைத்து, பைலைத் திறந்து வைத்துவிட்டு நான் வெளியே போய்விட்டேன். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். கதவைத் திறந்தபோது முகம் வீங்கியிருந்தது.

"சார், ஜோதிக்கு அனுப்பணும். இந்தக் கடைசிய வெட்டலாமா?"

ஒலிப்பதிவுக்காரன் என்கிற முறையில் எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. அந்தப் பதிவின் உயிரே அந்தக் கடைசி வார்த்தைதான், அதை வெட்டினால் மிஞ்சுவது டீயும் சர்க்கரையும் என்று தோன்றியது. சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். நமக்கு நன்றாக வந்த டேக் என்பதாலேயே அது நம்முடையது ஆகிவிடாது.

"உங்க விருப்பம்மா" என்றேன்.

"டீ கேக்கறது, சிரிக்கிறது, கொயந்தயப் பத்தி பேசறது, எல்லாம் அவளுக்கு. பயமா கீதுன்னது எனக்கு சொன்னது சார்" என்றார். அவரே வெட்டினார், முடிவில் தெருவின் அமைதியைக் கொஞ்சம் அவரே ஒட்டினார். வெட்டிய இடம் தெரியவில்லை. அந்தப் பருவத்தில் அவர் செய்த வேலையிலேயே அதுதான் மிகச் சுத்தமான வேலை, ஆனால் அதற்கு மார்க் போட எனக்குக் கை வரவில்லை. ஜோதி அதை நாள் தவறாமல் பையனுக்குப் போட்டுக் காட்டுகிறாளாம்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். டாக்டர் தறித் தூசிப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லியிருந்தார். கேட்கிற ஆளா? கழுத்துத் துளை மேல் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, தறிக்குப் பின்னால் நடைக்கதவு அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் முனிரத்தினம். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்று கொடுத்திருந்தார்களாம். ஒருதடவை வைத்துப் பார்த்துவிட்டு, அந்தக் குரல் வேண்டாம் என்று பெட்டியில் போட்டுவிட்டார்.

ரேணுகா தறியை நிறுத்திவிட்டு வந்து பேசினார். அக்கம்பக்கத்துத் தறிகள் ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டு பேரும் கத்தித்தான் பேசினோம்.

"அந்தப் பதிவைப் போட்டுக் கேப்பீங்களா?"

"அவரு எதிர்ல எப்டி சார் போடறது? மனுசன் உசுரோட ஒக்காந்துகினு இருக்காரு."

அது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு குரலை எப்படிப் பிடிப்பது என்று அவ்வளவு பாடுபட்டோம். எந்த இடத்தில் அதைக் கேட்பது என்று ஒருவருமே யோசிக்கவில்லை. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்: யாராவது இப்படி ஒரு குரலோடு உங்களிடம் வந்தால், மைக்கை எடுப்பதற்கு முன்னால் இதையும் ஒருமுறை யோசியுங்கள். பதில் கிடைக்காவிட்டாலும் யோசியுங்கள்.

"தறி ஓடும்போது ஒண்ணும் தெரியறதில்ல சார்" என்றார் ரேணுகா. "எப்பவும் போல வாயப் பாத்துப் பேசிக்கிறோம். எனக்கு அவரு பேசறது எல்லாம் தெரியும். போன மாசம் நெசமாவே கரண்ட் போச்சி. தெருவுல எல்லாரும் வெளிய வந்து பேசிக்கினு இருந்தாங்க. இவரும் போய் நின்னு வாய மட்டும் அசைச்சி இன்னாவோ சொன்னாரு. எல்லாரும் கம்முனு ஆயிட்டாங்க. அதுலருந்து கரண்ட் போனா இவரு வெளிய வர்றதில்ல."

நான் முனிரத்தினத்தைப் பார்த்தேன்.

"அதுகூடப் பரவால்ல சார். மூஞ்சி பாத்தா நான் பேசிடுவேன். ஆனா அவரால என்னப் பின்னாலருந்து கூப்புட முடியாது. நான் தறியப் பாத்துக்கினு நிக்கும்போது அவரு பேசுறாரா, சும்மா கீறாரா, எனக்கு எப்டித் தெரியும்? அதான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே இருக்கேன்."

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரேணுகா திரும்பிப் பார்த்தார். முனிரத்தினம் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்.